வட்டம் எப்பக்கம் சுழலும்?

கதிரவன் மேற்குக் கூரைகளின்மேல் செம்மையைக் கவிழ்த்துவிட்டுக் கடையடைத்துக் கிளம்பும் அந்திப்பொழுதில், பகலெல்லாம் உறுமிக் களைத்த மாவு ஆலையொன்றின் பின்கூடம், உத்தரம் முதல் ஒட்டடைவரை வெண்பொடி போர்த்து, பனிமலையைப் பெயர்த்துவந்து உள்ளே அடைத்தாற்போல் பொலிந்தது. சுவையறிந்த பெருமக்களே, அவ்வூரில் வெவ்வேறு இறைநெறி போற்றுவோர் வாரந்தோறும் அங்கே கூடி, கைகோத்து வட்டமாய் நின்று, நடுவிலே வெற்றிடம் விட்டு, அவரவர் இறையை அவரவர் அங்கே இருத்திக்கொண்டு ஆடுவர்.

அன்று புதிதாய் வந்து நின்ற தையற்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேற்றுநெறியில் மணம்புகுந்தாளெனச் சினந்து, பல ஆண்டுகளாய்த் தங்கையோடு பேச்சற்றிருந்தவர் அவர். அவள் இங்கே ஆடுகிறாளெனக் கேள்வியுற்று, பக்கத்தில் நின்று வாய்திறவாமலே அவள் கையைப் பற்றிவிட்டால் பிணக்கும் தீரும், வீறாப்பும் பிழைக்கும் என்று கணக்கிட்டிருந்தார். அவளோ நேரெதிரே போய் நின்றுகொண்டாள். அவர் நெஞ்சு அடித்த அடியில் கூரைத்தகடுகள் கலகலத்தன. கால்கள் வாணலியில் இட்ட கடுகெனத் துள்ளின.

"மெதுவாப் பிடிங்க. அது கை, துணி இல்ல," என்று முனகினார் பக்கத்தில் நின்ற அஞ்சற்காரர்.

ஆட்டத்தை நடத்தும் முதிய செவிலி, அன்று முதன்முறையாகக் கண்மூடி ஆடப் பணித்துத் தாளம் தட்டினார். எப்பக்கம் சுழல்வதென்று சொல்ல மறந்தார். கண்மூடியோரின் கால்களோ, தத்தம் வழிபாட்டிடத்தைச் சுற்றிப் பழகிய பக்கமாகவே புறப்பட்டன. பாதிப்பேர் வலமாக இழுக்க, பாதிப்பேர் இடமாக இழுக்க, வட்டம் ஈரத்துணியென முறுகி, அறுந்து, மாவுமூட்டைகளின்மேல் சரிந்தது. எழுந்த வெண்புகையில் ஊரே மறைந்ததென்றால் மிகையென்பீர். கூடம் மறைந்தது உறுதி.

"யாருப்பா அந்தப் பக்கம் இழுத்தது?"

"எங்க சாமியை நாங்க அப்படித்தான் சுத்துவோம்."

"நாங்க இப்படித்தான்!"

"அப்ப சாமிக்குத் தலை சுத்தாதா?" என்றார் அஞ்சற்காரர்.

எவரும் நகைக்கவில்லை. சிலர் முகஞ்சுளித்துக் காலணி தேடலாயினர். தங்கையும் வாயிலை நோக்கித் திரும்பக் கண்ட தையற்காரர், பதறிப்போய்க் கூவினார்:

"யாரும் சுத்தவே வேணாம்! எல்லாரும் நேரா நடுவுக்குப் போவோம், அப்புறம் பின்னால வருவோம். உள்ள போறதுக்கு ஏது வலம் இடம்?"

"அட, இது எனக்குத் தோணலையே! வாங்க, கையைக் கோத்துக்குங்க," என்றார் செவிலி.

வாயில்வரை போன தங்கையும் திரும்பிவந்து எதிரே சேர்ந்துகொள்ள, இம்முறை கண்திறந்தபடியே மீண்டும் கைகள் பிணைந்தன. உள்நோக்கி அடிவைக்க அடிவைக்க வட்டம் சுருங்கியது. இமைமயிரிலும் மாவு படிந்த தங்கையின் முகம் நெருங்கி நெருங்கி வந்து, மூச்சுப்படும் தொலைவில் நின்றது. பற்றலாமென்று பார்த்தால், ஐயகோ, அவருடைய இரு கைகளும் பக்கத்தாரிடம் சிறைப்பட்டுக் கிடந்தன! எஞ்சியிருந்தது வாய் ஒன்றே. திறப்பதற்குள் தாளம் பின்னுக்கு இழுத்தது. மறுமுறை நெருங்கினார், செருமினார், மறுபடியும் விலகினார். அடுத்த முறை, வீறாப்பு விழுந்து நொறுங்க, குரல் வெளிவந்தது.

"நல்லா இருக்கியாம்மா?"

வெண்பொடியில் கோடிழுத்துக்கொண்டு இறங்கியது அவள் கண்ணீர். "இதைக் கேக்க இத்தனை வருஷமாண்ணே?"

விடை சொல்லுமுன் வட்டம் விரிந்து அவரைத் தொலைவுக்குக் கொண்டுபோயிற்று. பிரிந்திருந்த ஆண்டுகளை எத்தாளமும் மீட்டுத் தாராது. மாந்தர்க்கு வாய்ப்பது நெருங்கிவரும் சிறுபொழுது ஒன்றே. அதற்குள் என்ன சொல்வதென்று தவித்தபடி, அவர் கால் தாளத்துக்கு முன்னரே எழுந்துவிட்டது.