முப்பத்தைந்தில் நின்ற கோடு

மாதக் கடைசியில் சுகாதாரப் பணிமனையிலிருந்து யசோதரன் வருகிறான் என்றால் வசந்தமலருக்குக் காலையிலிருந்தே கை வேலையில் ஓடாது. ஆள் நல்லவன்தான். அவன் கொண்டுவரும் மடிக்கணினிதான் தாட்சண்யம் பார்க்காதது. தடுப்பூசி மருந்துகள் இருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு கருவி கிடக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்துவைப்பது அதன் வேலை. அதைக் கணினியில் செருகினால் ஒரு மாதத்துச் சங்கதியும் ஒரே கோடாகத் திரையில் ஓடும். உயிலங்குளத்துக்கு அப்பால், மீளக்குடியேறிய சனங்களுக்காகத் தகரக்கூரை போட்டுத் திறந்த அந்தச் சிகிச்சை நிலையத்தில் மருத்துவமாதும் வசந்தமலர்தான், பெட்டிக்குப் பொறுப்பும் அவள்தான்.

"மிஸ்ஸி, போன புதன்கிழமை என்ன நடந்தது?" என்றான் யசோதரன்.

அவள் எட்டிப் பார்த்தாள். நாலு பாகையில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்த கோடு, புதன் காலை ஒன்பதரைக்கு எழும்பி முப்பத்தைந்தில் போய் நின்றது. பதினொன்றரை வரைக்கும் நின்றது. எட்டைத் தாண்டினாலே மருந்து பழுது.

"கரண்ட் நிண்டிருக்குமோ?" என்று அவனே கேட்டான்.

"தெரியாது தம்பி. நான் காலமை வீடுகள் பார்க்கப் போனனான். பின்னேரம் ரெண்டு மணிக்குத்தான் கிளினிக்."

அந்தப் பின்னேரம் பதினான்கு பிள்ளைகளுக்கு ஊசி போட்டவள் அவள். அபிசாவின் மகளும் அதில் ஒன்று. இடம்பெயர்ந்த காலத்தில் மூத்த பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் அபிசா. ஊசி என்றாலே நடுங்குகிறவளை மூன்று தரம் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தது இதே வசந்தமலர்தான். 'என்ர பிள்ளைக்கு ஒண்டும் வராதுதானே மிஸ்ஸி?' என்று அவள் கேட்டதும், 'நான் பொறுப்பு' என்று தான் சொன்னதும் இப்போது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டன.

"மருந்தெல்லாம் எறிய வேணும். தாய்மாரிட்டச் சொல்லி எல்லாருக்கும் திரும்பப் போட வேணும்," என்றான் யசோதரன், அவள் முகத்தைப் பாராமல்.

திரும்பப் போடுவதாம்! பழுதான மருந்தைப் பிள்ளைக்கு ஏற்றிவிட்டோம் என்று சொன்ன பிறகு எந்தத் தாய் இந்த வாசலை மிதிப்பாள்? இந்த யந்திரத்துக்கு ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாதா என்று வசந்தமலருக்கு ஆத்திரம் வந்தது.

"கோட்டைக் கொஞ்சம் பெரிசாக்குங்கோ."

அவன் பெரிதாக்கினான். நாலிலிருந்து முப்பத்தைந்துக்கு அது அரை மணித்தியாலத்துக்குள் ஏறியிருந்தது. இறங்கியதும் அப்படித்தான். கரண்ட் போனாலும் இந்தப் பெட்டி மத்தியானம்வரை தாங்குமே! அதுவும் மார்கழி மாதம், இரண்டு கிழமையாக ஒரே வாடைக்காற்று. சுவரில் தொங்கிய வெப்பமானி இருபத்தேழு காட்டியது. வெளியிலேயே இருபத்தேழு என்றால் பெட்டிக்குள் எப்படி முப்பத்தைந்து?

பதினெட்டு வருடமாகக் கமக்கட்டுகளில் வெப்பமானி வைத்துப் பார்த்தவள் அவள். வெறும் தோலில் ஒட்டினால் காட்டும் அந்த எண் அவளுக்குப் பழகின எண். அது பெட்டியின் சூடில்லை. மனுசச் சூடு.

அவள் மெதுவாகத் திரும்பினாள். வாசலில் விளக்குமாற்றோடு நின்ற சிற்றூழியர் சிவபாக்கியத்தின் ஒரு கை, தன்னையறியாமல் நெஞ்சுச் சட்டையைப் பொத்திக்கொண்டிருந்தது.

"பாக்கியமக்கா... புதன்கிழமை இதை எடுத்தனீங்களோ?"

"ஆமிக்காரர் பதிவெடுக்க வந்தவங்கள் மிஸ்ஸி." "வந்தால் குளிர்த்தண்ணி கேப்பாங்கள், பெட்டியைத் திறப்பாங்கள். உள்ளுக்க இது மினுங்கிக்கொண்டு கிடக்குது. என்ர பெடியன் பார்த்தீபனைக் கொண்டுபோனது ஒரு உடைஞ்ச றேடியோவுக்காகத்தானே? அவங்கள் போகுமட்டும் சட்டைக்குள்ள வைச்சிருந்தனான். இது எல்லாத்தையும் எழுதும் எண்டு எனக்கென்ன தெரியும்?"

பிள்ளைகள் தப்பின! மருந்து பெட்டிக்குள் குளிராகத்தான் இருந்திருக்கிறது. வசந்தமலருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உங்களுக்கு விசரோ அக்கா? சண்டை முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. இந்தச் சின்னச் சாமானுக்கு ஆர் பயப்படுவினம்?" என்று ஏசியும் விட்டாள்.

யசோதரன் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தான். அது அடுத்த மாதத்துக்காகக் குறிக்கத் தொடங்கியது. "ஆர் எடுத்தது, ஏன் எடுத்தது எண்டு அறிக்கையில எழுத வேணும்," என்றான்.

"என்ர பேரை எழுதாதேங்கோ ஐயா," என்று கும்பிட்டாள் சிவபாக்கியம். "பேர் எழுதப்பட்டால் தேடி வருவினம்."

"என்ர பேரை எழுதுங்கோ தம்பி. துப்புரவாக்க எடுத்துச் சட்டைக்குள்ள வைச்சு மறந்துபோனன் எண்டு போடுங்கோ," என்றாள் வசந்தமலர்.

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு கனத்த வாகனம் வந்து நின்றது. பேனை நின்றது. கதவு அடிபட்டது, சப்பாத்துச் சத்தம் கேட்டது. பிறகு, "மிஸ்ஸி, தண்ணித் தாங்கி எங்க இருக்கு?" என்று தண்ணீர் கொண்டுவந்த பவுசர்காரன் குரல் கொடுத்தான்.

யசோதரன் அறிக்கைக்குத் திரும்பி மேசையைப் பார்த்தான். கருவியைக் காணவில்லை.

அது வசந்தமலரின் சட்டைக்குள் இருந்தது. எப்போது எடுத்தாள், எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படபடக்கும் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்து, அவளுடைய சூட்டை அது ஒழுங்காகக் குறித்துக்கொண்டிருந்தது.