பத்தாவது ஆள்

2009 ஜனவரி கடைசித் திங்கட்கிழமையிலிருந்து பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்த யூதர்களின் சிறிய செபக்கூடத்தில் எத்தனை பேர் கூடினாலும் எண்ணிக்கை ஒன்பதாகவே இருந்தது. பதினான்கு பேர் வந்த நாளிலும் ஒன்பது, பண்டிகைக்கு நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றபோதும் ஒன்பது. மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர்கள் வழக்கமில்லை. பத்துச் சொற்கள் உள்ள ஒரு வேதவசனத்தைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். பத்தாவது சொல் விழுவதற்குத் தலை கிடைக்கவில்லை. வயதுவந்த யூத ஆண்கள் பத்துப் பேர் இல்லாமல் முக்கியமான செபங்கள் எதையும் அவர்கள் சொல்ல முடியாது. வசனத்தை மாற்றிப் பார்த்தார்கள், எண்ணுகிறவரை மாற்றிப் பார்த்தார்கள், வெளிச்சம் போதவில்லை என்று புதிதாகக் குழல்விளக்குப் போட்டார்கள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

காரணம் தெருவுக்கே தெரியும். முந்தின நாள் ஞாயிறு. துனிசில் பிறந்த கஸ்தோன் என்பவர் இருபது வருடமாக யூத வானொலியொன்றில் ஞாயிறு காலை ஒரு மணிநேரம் பேசிவந்தார். அன்று அவர் காசாவில் குண்டுபட்டுச் செத்த பிள்ளைகளின் பெயரையும் வயதையும் ஒவ்வொன்றாக வாசித்தார். யூதன் என்பதால்தான் வாசித்தேன் என்று முடித்தார். மறுநாள் காலை செபக்கூடத் தலைவர் மொயீஸ் அவரைச் சபையிலிருந்து நீக்கிக் கடிதம் எழுத, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்த வாரங்களில் அவர்கள் வீட்டுச் சுவர்களில் வசை எழுதப்பட்டது, பிள்ளைகள் யூதத் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். பயந்தவர்களுக்குத் தங்களுக்காகச் சத்தம்போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் ஒருவர் கிடைத்தார். யூதரே அல்ல, நோர்மண்டிக் கத்தோலிக்கர். இஸ்ரேலைக் குறைசொன்ன எவரையும் கிழித்துத் தொங்கவிடுவார். கஸ்தோனின் முன்வரிசைக் கதிரையை அவருக்கே கொடுத்து, பித்தளைத் தகட்டில் பெயரும் பொறித்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை அவர் கேமராவோடு வந்து அதில் உட்கார்ந்தார்.

கையெழுத்துப் போட்டவர்கள் வேறு செபக்கூடங்களுக்குப் போனால் அங்கேயும் எண்ணிக்கை ஒன்பதுக்கு இறங்கியது. பெல்வில் பகுதிச் செபக்கூடத்தார் இவர்களை வாசலிலேயே நிறுத்தி, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். கஸ்தோன் பழைய செபக்கூடத்துக்கு எதிரே மன்னார்க்காரர் அல்பிரட்டின் தேநீர்க்கடையில், கண்ணாடியோரம் உட்கார்ந்து, காலைதோறும் பால் விடாத பிளேன்ரீ குடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் பார்த்தார், அதை மறைக்கவுமில்லை. இருபத்திரண்டு மாதத்தில் கடைக்காரரின் தமிழைப் பேசப் பழகிவிட்டார், உடம்பும் கொஞ்சம் வைத்திருந்தது.

2010 நவம்பரில் மொயீஸின் தாய் மர்கரீத் தொண்ணூற்றொரு வயதில் இறந்துபோனார். மகன் பதினொரு மாதம் தினமும் கதிஷ் என்ற செபத்தைச் சொன்னால்தான் தாயின் ஆன்மா மேலேறும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கும் பத்துப் பேர் வேண்டும். மொயீஸ் நாளுக்கு மூன்று தடவை எண்ணினார். தொலைக்காட்சிக்காரரை வரவழைத்து, விதியைச் சற்று வளைத்து அவரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள். சொல் அவர்மேல் நிற்காமல் வழுக்கிக் கதிரைக்கடியில் விழுந்துவிட்டது, குனிந்து தேடியும் அகப்படவில்லை. பத்தாம் நாள் காலை, அறுபத்தைந்து வயது மனிதர் நடைபாதையில் நின்று சத்தம்போட்டு அழுதார். அல்பிரட்டுக்கு மனம் கேட்கவில்லை.

"பாவம், தாய்க்காகத்தானே நிக்கிறார். ஒருக்காப் போட்டு வாங்கோவன்."

"அவை என்னை ஆளாக் கணக்கெடுக்கேல்லை, அண்ணை. நான் ஏன் போகவேணும்?" என்றார் கஸ்தோன். பிறகு குவளையை வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்கடை அற்புதமலர் வந்தால் நீங்கள் தேத்தண்ணி குடுப்பியளோ?"

அற்புதமலர் தமிழ் வானொலியில் செய்தி வாசித்தவர். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்த பிறகு, இராணுவம் கொன்றவர்களைப் பற்றிப் பேசிய அதே குரலில், போராளி இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றியும் கேட்டார். அன்றோடு அவர்கள் வாழ்ந்த லா சப்பல் பகுதியின் தமிழ்க்கடைகள் அவருக்கு மூடிக்கொண்டன. அல்பிரட்டின் கடையும்தான்.

"அது வேறை கதை," என்றார் அல்பிரட்.

"ஓம், மொயீஸும் அப்பிடித்தான் சொன்னவர்."

அல்பிரட் துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தார். அதற்குள் மொயீஸ் உள்ளே போய், பித்தளைத் தகட்டைத் தன் கையாலேயே கழற்றிவிட்டுத் தெருவைக் கடந்து கடைக்குள் வந்தார். தாய்க்காக வரச் சொல்லிக் கெஞ்சினார். மன்னிப்பும் கேட்கத் தொடங்கினார். அது தேவையில்லை என்று கஸ்தோன் பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

அவர் தன் பழைய கதிரையில் உட்கார்ந்ததும் எண்ணிக்கை பத்தானது. மொயீஸ் கதிஷ் சொல்ல வாயெடுத்தார். கஸ்தோன் உடனே எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தார். மறு கையால் சட்டைப்பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தார். முதலில் இது, பிறகு உன் தாய் என்றார். ஜனவரியில் கேட்க மறுத்த பெயர்கள் அத்தனையையும் வயதோடு கேட்டார்கள். சிலர் பல்லைக் கடித்தார்கள், ஒருவர் காதைப் பொத்தினார். பிறகு மொயீஸ் அழுதழுது கதிஷ் சொன்னார். எல்லோரையும்விட உரத்து ஆமென் சொன்னவர் கஸ்தோன்.

பதினொரு மாதமும் இப்படியே நடந்தது. மர்கரீத்தின் ஆன்மா போய்ச் சேர்ந்த பிறகும் நடந்தது, ஏனென்றால் அவர் வராத நாளில் எண்ணிக்கை மறுபடி ஒன்பதுதான். 2014இல் காசாவில் மறுபடி போர் வந்ததும் பட்டியல் நீண்டது. 2023 அக்டோபர் தாக்குதலுக்குப் பிறகு, அதில் கொல்லப்பட்ட இஸ்ரேலியர்களின் பெயர்களை முதலில் வாசித்தார், குரல் உடைந்து இரண்டு தடவை நிறுத்தினார். அன்று மட்டும் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். பிறகு காசாவின் பெயர்களுக்கு வந்தார். இப்போது காலைச் செபம் முடிய மதியமாகிறது. வேலைக்குப் போகிறவர்கள் அரைநாள் விடுப்பு எடுக்கிறார்கள். தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

போன மாசியில் கடும் காய்ச்சலோடு அவர் குளிரில் நடந்து வந்ததைப் பார்த்த அல்பிரட், இத்தனை வருடமாகத் தவறாமல் வருகிறாரே என்று, அவர்களை மன்னித்துவிட்டாரா எனக் கேட்டார்.

"மன்னிச்சிருந்தால் வீட்டிலை படுத்திருப்பன்," என்றார் கஸ்தோன்.

பிளேன்ரீயைக் குடித்துவிட்டுத் தெருவைக் கடந்து போனார். அன்றும் பத்துப் பேர் இருந்தார்கள்.