பக்கத்து அறைக்கு ஒரு புகார்

தம்பி வேலையை விட்டதிலிருந்து அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான். வாசலில் சாப்பாடு வைத்தால் தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும். கதவை எவ்வளவு தட்டினாலும் பதில் வராது. ஆனால் வெப்சைட் செய்கிறவர்களுக்காக அவன் எழுதி நெட்டில் இலவசமாக விட்டிருக்கும் வெப் ஃபிரேம்வொர்க்கில் யாராவது புகார் எழுதினால் உடனே பதில் போடுகிறானாம். அவனுடைய நண்பன் சொன்னான். ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் பதில், கூடப் பிறந்தவளுக்கு இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

சரி, நானும் புகார் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். நான் பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருப்பவள். அதை இன்ஸ்டால் செய்யப் பார்த்ததிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. அவன் எழுதிய சோர்ஸ் கோடு எல்லாருக்கும் திறந்துதான் கிடந்தது. உள்ளே போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. கடைசியில், இன்ஸ்டால் குறிப்பில் சொல்லியிருக்கும் ஒரு ஃபைல் அதில் இல்லவே இல்லை என்று கண்டுபிடித்தேன். என் பெயரை மாற்றிப் புகார் எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "ரொம்ப நன்றிங்க. என் தப்புதான், சரி பண்ணிட்டேன். வேற எங்க சிக்கினாலும் தயங்காம கேளுங்க."

என்னோடு அவன் இவ்வளவு பேசி எத்தனையோ மாதம் ஆகிறது. மனசு கேட்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினேன்: "நான் அக்காடா. கதவத் திற."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ஓடிப்போய்க் கதவருகே நின்றேன். திறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், என் புகாரை முடித்து மூடியிருந்தான். கடைசியாக ஒரு வரி இருந்தது.

"இது ஃபிரேம்வொர்க் சம்பந்தப்பட்டது இல்லைங்க."