மூன்று வயது வித்தியாசம்

திருமணத்தன்று கணவனை விட மூன்று வயது இளையவளாக இருந்தவள், பதினோராம் ஆண்டில் அவனை விடப் பத்தொன்பது வயது மூத்தவளாக இருந்தாள். அவனுக்கு முப்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்தேழு. காரணம், வீட்டின் மேற்கு அறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் அங்கே தரையில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். சட்டைக்குப் பொத்தான் தைப்பாள். ஒரு கோப்பைத் தேநீரை மிச்சம் வைத்து மிச்சம் வைத்துக் குடிப்பாள். கொடியில் துணி உலர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது அந்த மத்தியானம் இரண்டு நாள் நீளும். இரண்டு முறை தூங்கி எழுவாள். ஜன்னல் வெயில் மூன்றாவது தரைக்கல்லை விட்டு நகர்ந்திருக்காது. தெருவில் அது வழக்கமான நான்கு மணி நேரம்தான். தெருக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது மூன்றாம் வீட்டுக் குழாய் ஒழுகியதுதான்.

கணவனுக்குக் கூரியர் வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது கதவு. ஒரு வீட்டின் படியேறும்போதே அடுத்த வீட்டு முகவரியைப் படிப்பவன். மனைவியின் முகத்தை நிதானமாகப் பார்க்க அவனுக்குப் பதினோரு ஆண்டுகள் வாய்க்கவில்லை. காய்ச்சலுக்கு அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனபோது நர்ஸ், "அம்மாவை இந்த நாற்காலியில உக்கார வைங்க தம்பி" என்றாள். வீடு வரும்வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் சிரிக்கவில்லை. அன்று மாலை காகிதத்தில் கூட்டிப் பார்த்தான். இன்னும் பத்து ஆண்டுகளில் அவனுக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு எண்பத்தேழு.

"அந்த ரூமுக்குப் போகாதே" என்றான்.

அவள் போகவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை அவனிடமே கொடுத்தாள். சலவை இயந்திரம் வந்தது, உரித்த பட்டாணி பாக்கெட்டில் வந்தது. ஓர் ஆண்டில் அவளுக்கு ஒரு வயதுதான் கூடியது. ஆனால் பால் தினமும் பொங்கி வழிந்தது. கேட்ட கேள்விக்கு மறு அறைக்குப் போன பிறகு பதில் சொன்னாள். தன் பெயரை யாரோ கூப்பிட்டதுபோல அடிக்கடி வாசலுக்குப் போய்த் திரும்பினாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலைங்க. நாள் முழுக்க பஸ்ல நின்னுட்டே போற மாதிரி இருக்கு. இறங்கற இடம்தான் வரமாட்டேங்குது."

அவன் சாவியை எடுத்து மேசையில் வைத்தான். தானும் வேலையை விட்டுவிட்டு அவளோடு உள்ளே உட்காரப்போவதாகச் சொன்னான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தா சேர்ந்துதான் கிழடாவோம். நடுவுல இருக்கற பத்தொன்பது அப்படியேதான் நிக்கும். நீங்க உள்ள போங்க. உங்க பையை இப்படிக் கொடுங்க."

கூரியர் அலுவலக மேலாளர் அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்: வயது முப்பத்தாறு. முகத்தைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார். "தாள் சரியாத்தான் இருக்கு" என்று சீருடையை எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாள் அவன் கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரித்தான். வெயில் கல் கல்லாகத் தாண்டி ஓடியது. அவள் வந்து பாத்திரத்தைப் பார்த்தாள். "மூணு கிலோ! ஊருக்கே சாப்பாடு போடப் போறீங்களா?" இரண்டு மாதம் இப்படியே போனது. மூன்றாம் மாதம் ஒரு தோலைப் பிளந்தபோது, ஓரத்தில் வளராமல் நின்றுபோன ஒரு மணியைக் கண்டான், கடுகளவு. அதைப் பார்த்தபடி இருந்தான். பிறகு பசித்தது, சாப்பிட்டான், தூங்கி எழுந்தான். வெயில் மூன்றாவது கல்லில் இருந்தது. உலர்ந்த துணியின் மணம் முதல்முறையாக அவன் மூக்குக்கு எட்டியது. அதை அவளிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவள் வர இன்னும் ஒரு நாள் இருந்தது.

பதினோரு ஆண்டுகள் அவள் நூற்றிருபது கதவுகளைத் தட்டினாள். மூட்டு வீங்கியது. படிகளில் உட்கார்ந்து எழுந்தாள். அவன் உள்ளே ஒவ்வொரு மத்தியானமும் இரண்டு நாள் அவளுக்காகக் காத்திருந்தான். "தினமும் ரெண்டு நாள் நான் உன்னைத் தேடறேன்" என்று ஒருமுறை குறையாகச் சொன்னான். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நான் தேடலைன்னு நெனச்சீங்களா?" என்றாள். அவன் முடி நரைத்தது, முன்பல் இரண்டு விழுந்தன. அவனை விட நான்கு வயது மூத்த அக்கா இப்போது அவனை விடப் பதினெட்டு வயது இளையவள். ஆனாலும் "டா" போட்டே கூப்பிட்டாள்.

அவனுக்கு எழுபத்திரண்டும் அவளுக்கு அறுபத்தொன்பதும் ஆன அன்று அவள் பையை ஆணியில் மாட்டினாள். காலையில் அக்கா வந்தபோது அவன் கண்ணாடி முன் நின்று மழமழவென்று சவரம் செய்துகொண்டிருந்தான். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு அக்கா போனாள். மதியம் சாப்பிட்டுவிட்டு, திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக இருவரும் சேர்ந்து மேற்கு அறைக்குள் போனார்கள். கூடையில் அரைக் கிலோ பட்டாணி இருந்தது.

ஆறு மணிக்கு அக்கா திரும்பி வந்தாள். கதவைத் திறந்த தம்பியின் வெள்ளைத் தாடி மார்பைத் தொட்டது. அவனுக்குப் பின்னால் வந்தவளின் முதுகு காலையில் இருந்ததை விடச் சற்று வளைந்திருந்தது. கூடையில் இன்னும் கொஞ்சம் பட்டாணி உரிக்காமல் கிடந்தது. அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சவரம் பண்ணிக்கோடா" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.