கம்பெனியம்மன் சுவர்

கிருமாம்பாக்கத்துக்கு வெளியே பாழடைந்து கிடந்த அவுரிக் கம்பெனியை இடித்துச் சந்தை கட்டப்போவதாக ஊராட்சி மன்றமான கொம்யூன் தண்டோரா போட்டது. அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்கெல்லாம் அன்றைக்கே ஆளுக்கொரு கருத்து முளைத்துவிட்டது.

எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுத் துரை அங்கே நீலச் சாயம் காய்ச்சினான். சீமைச் சாயம் வந்து வியாபாரம் படுத்ததும் கப்பலேறிவிட்டான். கூரை விழுந்து, தொட்டிகளில் எருக்கு மண்டிப் போக, தெற்குச் சுவர் மட்டும் சுண்ணாம்புப் பூச்சு உதிராமல் வெயிலைப் பார்த்து நின்றது. அந்தச் சுவர்தான் தையலம்மாளுக்குச் சோறு. அதில் வரட்டி தட்டிக் காயவைத்து விற்றுத்தான் அவள் பிழைத்தாள். அவள் குடிசைக்கு இருந்ததோ இடுப்புயர மண்சுவர். அதில் தட்டினால் வரட்டியோடு சுவரும் கையில் வந்துவிடும்.

கொம்யூனுக்குத் தலைவரான மேர் மணவாளன் கூட்டம் போட்டு, ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டார். இடித்தே ஆகவேண்டும் என்றான் பக்கிரி. அவனுக்குக் கிணறு கட்டச் செங்கல் வேண்டியிருந்தது. முன்னோர் காலத்துக் கட்டடம், தொட்டால் ஊருக்கே அவமானம் என்று பொங்கினார் சிங்காரவேலு. அவர் சீட்டாடுவது அதற்குள்தான். பிழைப்பு போகிறதே என்று தையலம்மாளுக்குக் கவலை. ஆனால் இத்தனை பெரிய பேச்சுக்கு நடுவில் சாணியைப் பற்றி எப்படி வாயைத் திறப்பது? கடைசியில் செங்கல் கட்சிதான் ஜெயித்தது.

அது ஆடி மாதம். மறுநாள் கடப்பாறையோடு போனவர்கள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். வரட்டிகளைக் காணோம். நடுச்சுவரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகியிருந்தது. விடியுமுன்னே எழுந்து தையலம்மாள் பார்த்த வேலை அது. முதலில் செருப்பைக் கழற்றியவர் மேர்தான். பக்கிரி கடப்பாறையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். தையலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆத்தாளுக்குக் கம்பெனியம்மன் என்று பெயர் விழுந்தது. ஊர் கூடிச் சுவருக்கு வெள்ளையடித்தது. அடுத்த நாள் தையலம்மாள் சாணிக் கூடையோடு வந்தபோது, ஆத்தாள் முகத்திலா சாணி அடிக்கிறாய் என்று பக்கிரி குறுக்கே விழுந்து மறித்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"மஞ்சளப் பூசனது நாந்தான்பா," என்றாள்.

பக்கிரி அசரவில்லை. "பூசனது நீ. பூச வெச்சது யாரு?"

சுற்றி நின்றவர்கள் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தையலம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பக்கிரி எவ்வளவு வசதியான பேச்சைப் பேசியிருக்கிறான் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. வெயில் விழும் உயரமான சுண்ணாம்புச் சுவர் ஊரில் இன்னும் ஒன்று இருந்தது.

பத் பத்தென்று சத்தம் கேட்டு மேர் மணவாளன் தம் வீட்டுப் பின்பக்கம் ஓடிவந்தார். அதற்குள் சுவரில் இரண்டு வரிசை ஏறியிருந்தது.

"என் வூட்டுச் சொவுத்துல இன்னாடி பண்ற?"

"தட்டறது நாந்தாங்கய்யா," என்றாள் தையலம்மாள், அடுத்த உருண்டையைக் கையில் எடுத்தபடி. "தட்ட வெக்கறது யாருன்னு பக்கிரியக் கேளுங்க."