கைப்பிடி இருக்கும் வீடு

1

இந்தக் கதை என் கடையில் பிறந்தது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனர், பெயர்ப்பலகை, பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுக்கிற கடை. காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை இந்த வட்டாரத்தில் நீங்கள் நின்று படிக்கிற வாசகங்களில் பாதி நான் எழுதியவை. வருகிறவர் விஷயத்தை மட்டும் சொல்லுவார், வார்த்தை என்னுடையது. ஆகவே எனக்கு எழுத வரும். இதில் அடக்கம் காட்டுவதாக இல்லை.

பங்குனி பிறந்ததும் தாமோதரன் வந்தார். மானாம்பதிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு கிராமத்தில் ஏரிப் பாசனச் சங்கத்துக்குத் தலைவர். (கிராமத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கதையில் அது தப்பு, இது தப்பு என்று அவரே கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.) ஏரிக்கரையில் நட ஒரு பலகை வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன்:

‘நம் ஏரிக்கு வந்த விருந்தினரின் குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறக்கும்வரை மதகைத் திறக்கமாட்டோம். தண்ணீரை விட்டுக்கொடுத்தோம், உயிரைக் காத்தோம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.’

நன்றாக இல்லையா? தாமோதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் பலகையோடு விடுவானேன், கதையாகவே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு ஊரே சேர்ந்து பறவைகளைக் காப்பாற்றிய கதை. பத்திரிகைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போடுவார்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி:

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரிக்கு வாரியம் வைத்து அதைக் கல்லிலும் பொறித்து வைத்த மண் இது. அந்த மண்ணில் பிறந்த தாமோதரன் ஒரு நாள்

நிறுத்திவிட்டேன். உத்திரமேரூர்க்காரன் எதை எழுதினாலும் கல்வெட்டில் போய்த்தான் முட்டிக்கொள்கிறான். பரோட்டாக் கடைத் திறப்புவிழா பேனருக்கே பின்னால் கல்வெட்டைப் போடச் சொல்கிறார்கள். இந்தக் கதையில் கல்வெட்டு இனி வராது.

இரண்டாவது தொடக்கம்:

நத்தைகுத்தி நாரையின் அலகை எவ்வளவு இறுக்கி மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும்.

இது பரவாயில்லை. மேலே போவோம். நெல் வயலில் நத்தை பொறுக்கித் தின்கிற பறவை அது. ஏரிக்குள் தண்ணீரில் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டும். கரையோர மரத்தில் கட்டாது. காரணம் எளிது. குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், தவறிக் கீழேயும் விழும். கீழே தண்ணீர் இருந்தால் தத்தளித்துக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். தரை இருந்தால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். மரத்தடி காய்ந்து நாய் நடமாட்டம் வந்துவிட்டால், தாய்ப் பறவைகள் மிச்சக் குஞ்சுகளையும் விட்டுவிட்டுப் போய்விடுவதுண்டு.

இந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பாதியோடு நின்றுவிட்டது. ஏரியில் மிச்சம் இருப்பது மரத்தடியில் ஆள் மார்பளவுத் தண்ணீர். இன்னும் ஒரு தடவை மதகு திறந்தால் அதுவும் முழங்காலுக்கு வந்துவிடும். ஊர்க் கூட்டத்தில் தாமோதரன் எழுந்து, குஞ்சு பறக்கிறவரை மதகு மூடியே இருக்கட்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் கதை அங்கே, அந்தக் கைதட்டலில் முடிவதாக இருந்தது.

3

முடியவில்லை. பலகை நட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கடைக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் பச்சையாக ஒரு பிடி நெற்கதிர்.

“ஏரிக்கர போர்டு நீங்க எயுதனதா சார்?”

“ஆமாம்மா. நல்லா இருக்கா?”

“நல்லாத்தான் கீது. விட்டுக்குடுத்தோம்னு எயுதிக்கீறீங்களே, யாரு இன்னாத்த விட்டுக்குடுத்தாங்க?”

“ஊர்தான். தண்ணியை.”

“ஊரு எல்லாம் பாச்சி முடிச்சிட்டு அறுப்பு மெஷினுக்குச் சொல்லிட்டு குந்திகினு கீது சார். பாக்கி என் முறை ஒண்ணுதான். என் கயினிய எடுத்துக் குடுத்துட்டு, கையெயுத்த மட்டும் ஊரு போட்டுகிச்சி.”

அவள் பெயர் செவ்வந்தி. கடைமடைக்காரி. அதாவது கால்வாய் போய் முடிகிற இடத்தில் நிலம் உள்ளவள். தண்ணீர் கடைசியில் வரும், அதனால் நடவும் கடைசி. மற்றவர்களுக்கெல்லாம் போர்க் கிணறு உண்டு. இவள் நிலத்தில் போர் போட்டபோது பாறைப் புழுதிதான் வந்தது. கதிரில் ஒரு நெல்லைக் கிள்ளி நகத்தால் அழுத்திக் காட்டினாள். நீர்த்த பால் லேசாகக் கசிந்தது. இன்னும் ஒரு தண்ணீர் கட்டினால் அது அரிசியாகும், கட்டாவிட்டால் வயல் மொத்தமும் பதர்.*

கூட்டம் நடந்த அன்று அவள் தங்கையின் வளைகாப்புக்கு வாலாஜாபாத் போயிருந்தாள். யாருடைய முறை பாக்கி என்று கேட்கக் கைதட்டியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் பங்குக்கு எனக்கும் தோன்றவில்லை. வார்த்தை அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

* இங்கே ‘விவசாயியின் கண்ணீர்’ என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

4

இனிமேல்தான் கைப்பிடி வருகிறது.

மதகின் ஷட்டரை ஏற்றி இறக்க இரும்பில் ஒரு கைப்பிடி உண்டு, ஒரு ஆள் தோள் உயரம். அந்த ஊரில் முறை யாருடையதோ அவர் வீட்டில்தான் அது இருக்கும். பாய்ச்சி முடித்தவர் தானே தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டு வர வேண்டும். கடைசி ஆள் முடித்ததும் அது அம்மன் கோயிலுக்குப் போய்விடும். நடுவில் யாரும் அதைக் கேட்கக்கூடாது, எடுக்கவும் கூடாது. எப்போதோ தண்ணீர்ச் சண்டையில் மண்டை உடைந்த பிறகு ஏற்பட்ட கட்டு. இன்றுவரை மீறியவர் இல்லை.

ஊர் செய்த தப்பு புரிகிறதா? மதகைத் திறப்பதில்லை என்று தீர்மானம் போட்டுப் பலகையும் நட்டுவிட்டார்கள். கைப்பிடி அதற்கு முந்தின நாளே வழக்கப்படி செவ்வந்தி வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. அவளுக்கு முன் முறை பாய்ச்சியவரே கூட்டத்தில் பலமாகக் கை தட்டியிருக்கிறார்.

(ஷட்டருக்குப் பூட்டுப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். முறைக்காரியின் மதகுக்குப் பூட்டா? தாமோதரனுக்கு அடுத்த கூட்டத்தில் நாற்காலிகூடப் போடமாட்டார்கள்.)

5

செவ்வந்தி கடைக்கு வந்தது என்னைத் திட்டுவதற்கு மட்டும் இல்லை. அவளுக்கும் ஒரு பலகை வேண்டுமாம். என்ன எழுத வேண்டும் என்று மறுநாள் வந்து சொல்லச் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். பலகை வாங்க வந்தவளிடம் முதல் முடிவைப் படித்தும் காட்டினேன்.

முடிவு அ: செவ்வந்தி ஏரிக்கரையில் நின்று குஞ்சுகளைப் பார்க்கிறாள். ‘நீங்களும் என் பிள்ளைகள்தானே’ என்று சொல்லிக் கைப்பிடியைக் கொண்டுபோய் அம்மன் காலடியில்

“யாரு சார் இது?” என்று கேட்டாள்.

“நீங்கதான்.”

“நான் எப்ப சார் இப்டி பேசனேன்? அதுங்க கத்தற கத்துல தூக்கம் போயி பேஜாரா கீது. நாத்தம் வேற. அதுக்காவ சாவணும்னும் சொல்லமாட்டேன். வயல்ல நத்தைய துன்னுட்டுப் போவுது, எனக்கும் லாபந்தான். புள்ளைங்கல்லாம் இல்ல சார். பக்கத்து வூட்டுக்காரங்க, அவ்ளோதான்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள். இத்தனை வருஷம் பேனர் எழுதுகிற எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. ‘விருந்தினர்’ என்று எழுதினேன். விருந்தினர் என்றால் ஒருவர் வீட்டுச் சோற்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டோடு வருஷம் முழுக்க வாழ வேண்டும், செலவையும் பகிர வேண்டும்.

முடிவு ஆ: செவ்வந்தி மதகைத் திறக்கிறாள். பயிர் தேறுகிறது. மரத்தடியில் நாய்கள்.

இதை அவளிடம் படிக்கவில்லை. எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு முடிவிலும் எல்லாப் பாரத்தையும் ஒருத்தி தலையில் வைத்துவிட்டு நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

அவள் சொல்லச் சொல்ல அவளுடைய பலகையை எழுதினேன். நடுவில் ஒரு நல்ல வரி சேர்க்கப் பார்த்தேன். “அயகு வேணாம் சார்,” என்றாள். இதுதான் அது:

‘கால்வாய் ஓரம் போர் உள்ளவர்களுக்கு. வெள்ளிக்கிழமை காலை த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் எல்லாரும் மோட்டார் போட்டுக் கால்வாயில் தண்ணீர் விடவும். என் வயலுக்குத் தண்ணீர் வந்தால் கைப்பிடி கோயிலுக்குப் போகும். வராவிட்டால் மதகுக்குப் போகும். இப்படிக்கு, செவ்வந்தி.’

6

பலகையை என் வண்டியிலேயே கட்டி எடுத்துப் போனேன். (சும்மா போனதாக நினைக்க வேண்டாம். கதை அங்கே இருந்தது.) முதல் பலகைக்குப் பக்கத்திலேயே நட்டு, அந்தக் கதிர்ப் பிடியை அதில் கட்டினாள். முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் தாமோதரன் வந்துவிட்டார். அவளுக்கு மாமா முறை.

“இன்னா செவ்வந்தி இது? ஊர்ல பேச வேண்டியத போர்டு போட்டு நாறடிக்கிறியே.”

“நீங்க பேசறப்ப நான் இல்லியே மாமா. அதான் எயுதி வெச்சேன்.”

“கால்வாய்ல தண்ணி வுட்டா ஓரத்து கயினியெல்லாம் ஊறிப்பூடும். அறுப்பு மெஷினு உள்ள எறங்காது. கதிரு முத்திப் போயி நிக்கிது.”

“ஊறுந்தான். ஈரத்துல எறங்கற செயினு மெஷினுக்குச் சொல்லணும், அறுப்பு தள்ளிப்பூடும். எனக்குத் தெரியும்.”

“அப்டியும் என் ஒத்த மோட்டாரு தண்ணி உன் கயினி வரைக்கும் வருமா? பாதிலியே மண்ணு குடிச்சிடும்.”

“ஒத்த மோட்டாரு வராது மாமா. எல்லாம் சேந்து வுட்டா வரும்.”

“எல்லாரும் எப்டிம்மா சேருவாங்க?”

“கை தட்டறதுக்குச் சேந்தாங்களே.”

தாமோதரன் நல்ல மனிதர். இதை எழுதியே ஆக வேண்டும். அந்தப் பறவைகளை அவர் நிஜமாகவே நேசிக்கிறார். ஏரிப்பக்கம் யாராவது பாட்டை அலறவிட்டால் ஓடிப்போய் நிறுத்துகிறவர். தன் வயலுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்காமல்தான் அன்று எழுந்து பேசினார். பார்க்கத் தேவை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது மரத்திலிருந்து ஒரு குஞ்சு விழுந்தது. நான் வைத்த சம்பவம் இல்லை, விழுந்தது. கரையில் படுத்திருந்த செம்மண் நிற நாய் எழுந்து தண்ணீரில் இறங்கியது. கழுத்து மட்டும் வெளியே தெரிகிற ஆழம் வந்ததும் நின்றது. குஞ்சு சிறகை அடித்து அடித்துத் தாழ்ந்த கிளை ஒன்றைக் கவ்விக்கொண்டது. நாய் திரும்பிவந்து உடம்பை உதறிவிட்டு, போகாமல் அங்கேயே படுத்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

“நான் தொறந்தா அங்க மொயங்கால் தண்ணிதான், அந்த நாயி நடந்தே பூடும்,” என்றாள் செவ்வந்தி. “அத்தப் பாத்துகினு நான் சோறு துன்னணும். தொறக்காட்டி, துன்ன சோறே இல்ல. நீங்களே சொல்லுங்க மாமா.”

தாமோதரன் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கி, தன் வயல்பக்கமாக நடந்து போனார். எங்கே மண் அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

7

பறவைகளைக் காப்பாற்ற வேண்டுமா என்று இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. யாருடைய தண்ணீரில் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. என் கதை சொல்ல வந்தது இவ்வளவுதான், அதைச் சொல்லியும் விட்டேன்.

முடிவு இ என்று ஒன்று எழுதி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை எல்லா மோட்டாரும் ஓடுகின்றன, கால்வாய் நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது, மேலே நாரைகள் வட்டமிடுகின்றன. பேனருக்கு நன்றாக இருக்கும். கிழித்துப் போட்டுவிட்டேன். மற்றவர்களின் மோட்டாரைப் போட எனக்கு உரிமை கிடையாது.

ஆகவே வெள்ளிக்கிழமையை மட்டும் சொல்கிறேன். செவ்வந்தி விடிந்ததும் கைப்பிடியைத் தோளில் சாத்திக்கொண்டு கடைமடைக்குப் போனாள். தன் வயலுக்குள் தண்ணீர் நுழைகிற வாய்மடையில், காய்ந்த கால்வாயைப் பார்த்து நின்றாள். அங்கிருந்து மதகு வெகுதூரம், நடந்தால் வெயில் ஏறிவிடும். ஆனால் போக முடிவு செய்துவிட்டால் அவள் போய்விடுவாள்.

கரண்ட் வந்தது. தாமோதரன் தன் கொட்டகையில் மோட்டாரைப் போட்டார். பக்கத்துக் கொட்டகையும் போட்டது. பிறகு இன்னொன்று. தண்ணீர் சருகையும் புழுதியையும் முன்னால் தள்ளிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தது.

கால்வாயின் பாதியில் ஒரு கொட்டகை இருக்கிறது. கவனித்திருப்பீர்கள், அதன் சொந்தக்காரருக்கு நான் பெயரே வைக்கவில்லை. வேண்டுமென்றுதான் வைக்கவில்லை. அது உங்களுடையது. உங்கள் நெல் முற்றி நிற்கிறது. அறுப்பு மெஷின்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் போடாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், மோட்டாரில் காயில் எரிந்துபோய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கூட்டத்தில் நீங்களும் கை தட்டினீர்கள்.

மேலே இருந்து வந்த தண்ணீர் உங்கள் வரப்பு வரை வந்து மண்ணில் சுவறி நின்றுவிட்டது. கடைமடையில் அவள் இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் சுவிட்ச் பெட்டியில் மூன்று பேஸ் விளக்கும் எரிகின்றன.