மோட்டாரைத் திருப்பி வைத்த பிறகு

“கனெக்‌ஷன் அவரேதான் குடுத்தாரு சார்,” என்றான் ராமராஜன்.

பிணவறை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் சீட்டில் பேப்பரை வைத்து ஏட்டு எழுதிக்கொண்டிருந்தார். காற்றில் பேப்பர் பறக்காமல் இருக்க ஒரு மூலையை எஸ்தர் விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். அண்ணன் சொன்னது அவள் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி எழுத்தாக மாறியது. இறந்தவர் முனிரத்தினம், வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற டர்னர். வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் பழைய லேத் மெஷினுக்கு வேறு மோட்டார் மாட்டி, தானே மின் இணைப்பு கொடுத்து, தானே இயக்கியபோது.

“அப்ப கூட யாருனா இருந்தாங்களா?”

“இல்ல சார். நேத்து ஞாயித்துக்கெழம. அம்மாவும் தங்கச்சியும் சர்ச்சுக்குப் போயிருந்தாங்க. நான் கடையில இருந்தேன்.”

“வயசான காலத்துல எதுக்குய்யா இந்த வேலையெல்லாம்,” என்றார் ஏட்டு, நிமிராமல். “கைய எடுமா. அங்கதான் உங்க அண்ணன் கையெழுத்து போடணும்.”

எஸ்தர் கையை எடுத்தாள்.

ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தபோது ராமராஜன் அவளை வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப்போனான். “நான் சொன்னதுதான் கத. நீ வாயத் தொறந்தின்னா கேஸு உம்மேல திரும்பும். அப்புறம் டிப்ளமோவும் கெடையாது, லைசென்சும் கெடையாது.”

“அப்பா சுத்து பாக்காம போட மாட்டாருண்ணா. எல்லாருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா இன்னா? செத்தவர் மேல கேஸா போடப் போறாங்க?”

அண்ணன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடைக்குப் போக இருந்த, இரும்பு கடையும் லேத் அது. செவிலிமேட்டு வீட்டுக்கு அதை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கி, எட்டு மாதம் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வைத்து முனிரத்தினம் துருவை எடுத்தார். எல்லாம் உயிர் பெற்றது, மோட்டார் மட்டும் கருகிக் கிடந்தது. வேறொரு மோட்டாரைத் தேடிப் பிடித்தவர், “வயரு சமாச்சாரம் எனக்கு ஆவாது. அது உன் டிபார்ட்மெண்டு,” என்று எஸ்தரிடம் விட்டுவிட்டார். பகலில் கம்பெனி வேலை, மாலையில் டிப்ளமோ வகுப்பு என்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த அவளிடம் அவர் முதன்முதலாகக் கொடுத்த வேலை அது.

அவள் நோட்டில் பதினான்கு வரிசை எழுதிக்கொண்டாள். ஒன்பதாவது, சுத்து பார்ப்பது, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று. சனிக்கிழமை மோட்டாரைத் தரையில் வைத்து, பெல்ட் போடாமல், ஒரே ஒரு நொடி ஓடவிட்டாள். சரியான பக்கம் சுற்றியது. ஒன்பதுக்கு நேரே டிக் போட்டாள். பிறகு இருவரும் தூக்கி லேத்தின் அடியில் வைத்தபோது போல்ட் துளைகள் பொருந்தவில்லை.

“திருப்பி வச்சிப் பாரேன்,” என்றார் அப்பா. திருப்பி வைத்ததும் நான்கு துளையும் பொருந்தின. பெல்ட்டும் நேராக விழுந்தது. மோட்டாரை முன்பின்னாகத் திருப்பினால் லேத்துக்கு அது எதிர்ப்பக்கம் சுற்றும். முதல் செமஸ்டர் பாடம். ஆனால் திருப்பி வைப்பது அந்தப் பதினான்கில் இல்லை.

அம்மா வடிவு டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டே அப்பா கேட்டார். “சுத்து பாத்தியாமா?”

“பாத்துட்டேன்பா,” என்று நோட்டைக் காட்டினாள்.

அந்தக் காலத்து லேத்தில், வேலைப்பொருளைக் கவ்விப்பிடிக்கும் சக் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும். நேராகச் சுற்றினால் இறுகும். எதிராகச் சுற்றினால் கழன்று பறக்கும். அதனால் முனிரத்தினம் எந்த மெஷினைப் பிரித்து மாட்டினாலும் முதல் ஓட்டத்தை சக் இல்லாமல்தான் ஓட்டுவார். மற்றவர்கள் பார்த்துவிட்டோம் என்று சொன்னால் கையிலிருக்கும் எண்ணெய்த் துணியை அவர்கள் மேல் எறிந்துவிட்டுத் தானே பார்ப்பார். நாற்பது வருடம் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அவர் சக்கோடு ஸ்விட்சைப் போட்டார்.

அம்மாவும் மகளும் சர்ச்சிலிருந்து வந்தபோது அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். நெஞ்சில் தட்டு அளவுக்கு வட்டமாகக் கன்றியிருந்தது. “சக்கு கழண்டுக்கிச்சு. லேசாத்தான் பட்டுது,” என்று வடிவிடம் சொன்னார். பிறகு எஸ்தரைப் பார்த்து ஆள்காட்டி விரலைத் தூக்கி, காற்றில் எதிர்ப்பக்கமாக ஒரு வட்டம் போட்டார். அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றாள். அவர் தண்ணீர் கேட்டார். மூன்று மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பாஸ்டர் இன்னும் வரவில்லை. முனிரத்தினத்தோடு வேலை பார்த்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டுப் பின்பக்க ஷெட்டுக்குள் போய்விட்டார்கள். சாவு வீடுதான் என்றாலும் லேத் அங்கே இருந்தது. தண்ணீர்க் கேனும் டம்ளரும் எடுத்துக்கொண்டு போன எஸ்தர் வாசலிலேயே நின்றாள். தரையில் கிடந்த சக்கை அவர்களில் ஒருவரான கலியாணசுந்தரம் செருப்புக் காலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னிய சாவி சாவின்னு இருவத்தஞ்சு வருஷம் கூப்ட்டான்பா. ஒரே ஒரு நாளு சக்க முடுக்கற சாவிய சக்குலயே விட்டுட்டு மெஷின ஆன் பண்ணிட்டேன். பறந்து போயி டியூப்லைட்ட ஒடச்சிது. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல. எம் பொண்ணு கல்யாணத்துல, சம்பந்தி நின்னுக்கினு இருக்காரு, ‘இன்னா சாவி, சாப்ட்டியா’ங்கறான்.”

பக்கத்தில் நின்ற தினகரன் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “எனக்கு மட்டும் இன்னா, ‘கோணல்’னு பேரு வச்சாரு.”

“இப்ப பாரு, சுத்து பாக்காம போட்டுட்டுப் போயிக்கீறான். நேத்து வேலைக்கு வந்தவன்கூட செய்ய மாட்டான் இத. ஊருக்கெல்லாம் நியாயம் சொன்னவன்,” என்றார் கலியாணசுந்தரம்.

“அப்பா கனெக்‌ஷன் குடுக்கல அங்கிள்,” என்றாள் எஸ்தர். கேனைக் கீழே வைத்தாள். “நான்தான் குடுத்தேன்.”

இருவரும் திரும்பினார்கள்.

“கீழ வச்சி பாக்கும்போது சரியாத்தான் சுத்துச்சு. அப்புறம் மோட்டார திருப்பி வச்சோம். மறுபடி பாத்திருக்கணும், பாக்கல. அப்பா கேட்டாரு. பாத்துட்டேன்னு சொன்னேன். அதனாலதான் அவரு பாக்கல.”

கலியாணசுந்தரம் அவளையே பார்த்தார். “எந்த வயர எங்க குடுத்த?”

“செவப்பு மொதல்ல, மஞ்சள் நடுவுல, நீலம் கடைசி.”

மோட்டாரின் பக்கவாட்டிலிருந்த இணைப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். “கரெக்டா சொல்லிக் குடுத்து வச்சிருக்கான் பாரு.”

ஜன்னலில் இருந்த நோட்டை எடுத்து அவள் நீட்டினாள். அவர் பக்கத்தைத் தூரமாகப் பிடித்து, பதினான்கையும் விரல் வைத்துப் படித்தார். “அவன் சொல்லச் சொல்ல எழுதினியா? முத்து முத்தா இருக்குது கையெழுத்து.”

“நான் எலெக்ட்ரிகல் படிக்கிறேன் அங்கிள்.”

“தெரியும்மா. சொல்லிக்கினே இருப்பான். ஃபேன் மாட்டுது, லைட்டு மாட்டுதுன்னு.” நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். குரல் இப்போது நிஜமாகவே தணிந்திருந்தது. “பெத்தவன ஒருத்தன் கொற சொன்னா மனசு கேக்காதுதான். நான் சொன்னது தப்பு. அதுக்காக பழிய இழுத்து உம்மேல போட்டுக்கலாமா?”

“நெஜமாத்தான் சொல்றேன்.”

பேச்சுச் சத்தம் கேட்டு வடிவு ஷெட் வாசலுக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை டீ டம்ளர்களோடு இதே இடத்தில்தான் நின்றாள். மகள் கையில் ஸ்க்ரூ டிரைவரும், புருஷன் கையில் டார்ச்சும் இருந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

“அது நேத்துலேந்து பச்சத் தண்ணி குடிக்கல அண்ணே,” என்றாள் வடிவு. “ஏதேதோ பேசிக்கினு கீது. நீங்க மனசுல வச்சிக்காதீங்க.”

எஸ்தர் அம்மாவைப் பார்த்தாள். வடிவு கலியாணசுந்தரத்தையே பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள்.

கலியாணசுந்தரத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. “தினகரா, மெயின ஆஃப் பண்ணு. இத இப்படியே உட்டா நாளைக்கு வேற எவனாவது போட்டுத் தொலைவான்.” சுற்றும் பக்கம் மாற, சிவப்பையும் மஞ்சளையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினார். இரண்டு நிமிட வேலை. மெயினைப் போடச் சொல்லி, லேத்தின் ஸ்விட்சை அழுத்தினார்.

சக் இல்லாத தண்டு சரியான பக்கமாகச் சுற்றியது. உதறலே இல்லை. ஒரு தையல் மெஷின் அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை. எட்டு மாதத்தில் அது ஓடி எஸ்தர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“பஞ்சு மாதிரி ஓடுது பாத்தியா,” என்றார் கலியாணசுந்தரம், தினகரனிடம். “மத்ததெல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்கான்.”

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். அவர் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தார். “அங்கியே நில்லுமா. மெஷின் ஓடும்போது கிட்ட வரக் கூடாது. ஷாலு மாட்டிக்கும்.”

அவள் நின்றாள்.

முன்பக்கத்திலிருந்து ராமராஜனின் குரல் வந்தது. “எஸ்தரு! பாஸ்டர் வந்துட்டாரு. ஜெபம் முடிஞ்சதும் பெட்டிய மூடப் போறாங்க, வந்து மொகத்தப் பாத்துக்க.”

கலியாணசுந்தரம் லேத்தை நிறுத்திவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். “வாம்மா,” என்றார். அவரும் தினகரனும் முன்பக்கம் போனார்கள்.

மெயின் அணைக்கப்படாமல் இருந்தது. மோட்டாரின் இணைப்புப் பெட்டி மூடியில்லாமல், மூன்று வயரும் வெளியே தெரியத் திறந்து கிடந்தது. எஸ்தர் மெயினை அணைத்தாள். அணைந்துவிட்டதா என்று டெஸ்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தாள். மூடியை எடுத்துப் பொருத்தி, முட்டி போட்டு உட்கார்ந்து, திருகுகளைப் போடத் தொடங்கினாள். மூன்றாவதை முடுக்கும்போது முன்பக்கம் ஜெபப் பாட்டு நின்றது. மறுபடியும் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் தரையில் கையை ஓட்டி, நான்காவது திருகைத் தேடிக்கொண்டிருந்தாள்.